எங்கள் தீவின் கரைகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவன், இப்பவும் அங்கேதான் இருக்கிறேன். இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளைப் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். படங்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து வருகிறவர்கள், ஊரிலேயே போனோடு தொடங்குகிற தம்பி தங்கைமார் என்று பலர் கேள்வி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

எந்த மாதம் வந்தால் கடல் நன்றாக இருக்கும்?

எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். இது சின்னத் தீவுதான், ஆனால் ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கும்போது மற்றப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். திருகோணமலை, மட்டக்களப்பு, பாசிக்குடா என்றால் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. காலி, மாத்தறைப் பக்கம் என்றால் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை. விமானச் சீட்டை எடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறவர்கள்தான் அதிகம், ஆடி மாதம் ஹிக்கடுவையில் போய் நின்று கடல் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கவலைப்படுவார்கள்.

வடக்கில் மாதத்தைவிடக் காற்றைப் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கி சோளகம் அடிக்கும், அது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. எங்கள் வடமராட்சிக் கரைக்கு அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று என்பதால் அலை அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பும். அப்போது கடல் கரையை நோக்கி வரும், மண்ணைக் கிளப்பும், நிறமும் மாறிவிடும். ஆனால் வானம்! வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மேகங்கள் வேறு மாதத்தில் கிடைக்காது. மழை விட்ட அரை மணித்தியாலத்தில் பனைகளின் மேல் விழுகிற வெளிச்சத்துக்காகவே நான் அந்த மாதங்களில் அதிகம் வெளியே போவேன். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் கரைப் பக்கமே போகாதீர்கள்.

விடியலா, பின்னேரமா?

கிழக்குக் கரையில் விடியல், மேற்கில் பின்னேரம். இது எல்லோருக்கும் தெரியும். வட கரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை வரை கரை நேர் வடக்கைப் பார்த்துக் கிடக்கிறது. ஆனி மாதம் சூரியன் வடகிழக்கில் ஒதுங்கி எழுந்து வடமேற்கில் ஒதுங்கி மறையும், அதனால் விடியலையும் அந்தியையும் ஒரே கரையில் நின்று கடலின் மேலேயே எடுக்கலாம். மார்கழியில் அதே இடத்தில் நின்றால் சூரியன் இரண்டு தரமும் நிலத்துக்குப் பின்னால்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள எனக்கே சில வருடம் எடுத்தது.

இன்னொன்று, ஐரோப்பாவில் படம் எடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து ஏமாந்து போகிறார்கள். அங்கே கோடையில் அந்தி வெளிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது, சூரியன் செங்குத்தாக எழும், செங்குத்தாக விழும். பொன் வெளிச்சம் என்று சொல்வது அரை மணித்தியாலம் கூட நீடிக்காது. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் கொஞ்சம் கூடக் குறைய வானத்தில் நிறம் இருக்கும், அவ்வளவுதான். முதல்நாளே இடத்தைப் பார்த்து, எங்கே நிற்பது என்று முடிவு செய்து, அரை மணித்தியாலம் முன்னதாகப் போய் நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் சூரியன் மறைந்ததும் கமராவை மூடிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் உண்மையான நிறம் அதற்குப் பிறகுதான் வரும், களப்பு முழுக்க ஊதாவாக மாறும்.

அப்போ மத்தியானத்தில் எடுக்கவே கூடாதா?

எடுக்க வேண்டும். மத்தியானத்தில் கமராவைத் தொடாதே என்று படித்தவர்கள் குளிர்நாட்டு வெளிச்சத்துக்கு எழுதியதைப் படித்திருக்கிறார்கள். தண்ணீரின் நிறம் வேண்டுமென்றால் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணி வரைதான் அதற்கு நேரம். சூரியன் மேலே நிற்கும்போது வெளிச்சம் அடிமணல் வரை போய்த் திரும்பி வரும். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான், அந்த ஆழத்தில் வெள்ளை மணலின் மேல் வருகிற பச்சை விடியலில் கிடைக்கவே கிடைக்காது.

சித்திரை வருடப் பிறப்பன்று யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 12.10 அளவில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். உங்கள் நிழல் காலடிக்குள் போய்விடும். கட்டிக் கிடக்கிற வள்ளத்தின் நிழல் நேர் கீழே அடிமணலில் விழுவதால், வள்ளம் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். கோயிலும் விருந்தும் இருக்கிற நாள்தான், ஆனால் அதற்கு முன்பின் ஒரு கிழமையும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

இந்த நேரத்துக்குப் போலரைசர் பில்டர் ஒன்று போதும். தண்ணீரை மேலிருந்து நேராகப் பார்க்காமல் சரிவாகப் பார்த்து, பில்டரை மெதுவாகத் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்பு போய் உள்ளே இருப்பது தெரியும். மனிதர்களை மட்டும் அந்த வெயிலில் நிறுத்தாதீர்கள், கண்குழி கறுத்துவிடும். ஓலை வாடிக்குள் அல்லது மரநிழலில் இருத்துங்கள். வெளியே வெள்ளை மணலில் பட்டு வருகிற வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும்.

போன் போதுமா, கமரா வாங்க வேண்டுமா?

போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடற்கரையில் பத்து நிமிடம் நின்றாலே உப்புப் படலம் படிந்துவிடும், படம் புகை மூட்டமாக வருவதற்கு அதுதான் காரணம், போனின் தரம் இல்லை. அடுத்தது வெளிச்ச அளவு. கமராவுக்கு வெள்ளை மணல் என்று தெரியாது, எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். வெண்மணலில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், அந்தி வானத்தில் ஒரு படி குறையுங்கள். திரையில் விரலை வைத்து மேலே கீழே இழுத்தால் போதும். கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு அடிவானத்தை நேராக்குங்கள், கடல் சரிந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணை உறுத்தும்.

கமரா வாங்குவதென்றால் விலையுயர்ந்த உடலுக்குப் போடுகிற காசைப் பஸ்ஸுக்கும் படகுக்கும் செலவழியுங்கள். ஒரே கரைக்கு இருபது தரம் போகிறவருக்குத்தான் படம் கிடைக்கும்.

உப்புக் காற்றிலிருந்து கமராவை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

ஒரு மாரி காலம் முழுக்க நல்ல லென்ஸ் ஒன்றைத் தோல் பையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். தையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. துப்புரவு செய்தும் முழுக்கப் போகவில்லை. அன்றிலிருந்து இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடுதான் எல்லாவற்றையும் வைக்கிறேன். கிழமைக்கு ஒருதரமாவது வெளியே எடுத்துப் பாவித்தால் இன்னும் நல்லது.

கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமரா உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள், வெறும் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து விடியற்காலை நேரே கரைக்குப் போகிறவர்களுக்கு லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு எடுங்கள்.

எங்கே போகலாம்? எல்லோரும் எடுக்காத இடம் சொல்லுங்கள்.

எனக்கு மணல்காடு. வடமராட்சிக் கிழக்கில் கடலோரமாக மணல் மலைகள், நடுவில் மணலுக்குள் புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்து முதல் கால் மணித்தியாலம் மணலின் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும், பிறகு எல்லாம் தட்டையாகிவிடும். இரவு நல்ல காற்றடித்த மறுநாள் போங்கள், பழைய கால்தடங்கள் எல்லாம் அழிந்திருக்கும். படம் எடுக்கப் போகிற பக்கத்தால் நடந்து போகாமல் பின்பக்கத்தால் சுற்றிப் போங்கள். அந்த மணல் மலைகளைக் கடல் பெருக்கெடுக்கும்போது ஊரைக் காக்கிற அணை என்றுதான் நான் பார்க்கிறேன், மணல் அள்ளுகிறவர்களைக் கண்டால் மனம் கொதிக்கும்.

மன்னாருக்குப் பூநாரைக்காகப் போகலாம். கார்த்திகையிலிருந்து பங்குனிக்குள், மன்னார்ப் பாலத்தை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரிலும் வங்காலைப் பக்கமும் கூட்டமாக நிற்கும். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். வீதியோரமாகவே நின்று நீண்ட லென்ஸால் எடுங்கள். பறக்கிற படத்துக்காகச் சத்தம் போட்டுக் கலைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெகுதூரம் பறந்து இரை தேடி வந்த பறவையை அப்படிச் செய்யாதீர்கள்.

மட்டக்களப்பு என்றால் பறுவத்துக்கு, அதாவது முழுநிலவுக்கு, முதல்நாள் பின்னேரம் கல்லடிக் கரை. பறுவத்தன்று நிலவு சூரியன் மறைகிற நேரத்தில்தான் கடலிலிருந்து எழும், சில நிமிடத்தில் சுற்றிவர இருண்டு நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். முதல்நாள் கிட்டத்தட்ட முக்கால் மணித்தியாலம் முந்தி எழுவதால் கடலிலும் வெளிச்சம், நிலவிலும் வெளிச்சம், இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். போயா விடுமுறைச் சனக்கூட்டமும் இருக்காது. முடிந்தால் கல்லடிப் பாலத்தடியில் இரவு ஒரு தோணி பிடித்து, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேளுங்கள். கமராவைப் பைக்குள் வையுங்கள்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் மணலில் கறுப்பு வரிகள் ஓடும், இல்மனைற்றுத் தாது. அலை வாங்கும்போது அது கோலம் போட்ட மாதிரி ஒதுங்கும். வெண்மணலை மட்டும் தேடுகிறவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

நெடுந்தீவை ஒரு நாளில் எடுத்து முடிக்கலாமா?

பார்க்கலாம், படம் எடுக்க முடியாது. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் போக வேண்டும், திரும்புகிற கடைசிப் படகு பின்னேர வெளிச்சம் வருவதற்கு முன்பே புறப்பட்டுவிடும். போகிற எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வெயிலில், அதே பெருக்க மரத்தையும் புறாக்கூட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஓரிரவாவது தங்குங்கள்.

விடியலில் பவளக்கல் வேலிகளைப் பாருங்கள். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கின வேலிகள், சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூ தெரியும். குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நின்றவற்றின் வழி வந்தவை என்று சொல்வார்கள். வரண்ட மாதங்களில் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற மிருகங்கள் அவை. மோட்டார் சைக்கிளில் துரத்தி ஓட விட்டு எடுக்கிற படம் எனக்கு வேண்டாம். ஒரு இடத்தில் அசையாமல் ஒரு மணித்தியாலம் இருந்தால் அவையே கிட்ட வரும், குட்டிதான் முதலில் வரும்.

மீனவர்களைப் படம் எடுத்தால் ஏசுவார்களா?

கேட்காமல் எடுத்தால் ஏசுவார்கள், அது நியாயம்தான். அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். கரைவலை இழுக்கிற இடம் என்றால் முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய் உங்கள் ஊரையும் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். வலை வளைத்துவிட்டு வருகிற வரை இருந்து கதையுங்கள். செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறுவதையும் விரித்த வலையைத் தாண்டுவதையும் எங்கள் பக்கத்தில் விரும்ப மாட்டார்கள். இழுக்கத் தொடங்கினால் அம்பாப் பாட்டுக் கேட்கும், ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். எஞ்சின் வந்த பிறகு அது குறைந்துகொண்டே போகிறது, எங்கேயாவது கேட்டால் போனில் பதிந்து வையுங்கள்.

மீன் படாத நாளில் கமராவை நீட்டாதீர்கள். வெறும் வலையோடு கரையில் இருக்கிற மனிதருடைய முகம் அழகான கறுப்பு வெள்ளைப் படமாக வரும் என்று எனக்கும் தெரியும். அதை எடுக்க எனக்கு மனம் வராது.

எடுத்த படத்தைத் தாளில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்புவது வேறு, கையில் கொடுப்பது வேறு. எங்கள் ஊரில் ஒரு வயதான ஐயாவுக்கு அவர் வலை பொத்துகிற படத்தைக் கொடுத்தேன். வீட்டில் அவருடைய பழைய படம் ஒன்றுகூட இல்லை, இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றார். அவர் காலமானபோது அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள்.

முள்ளிவாய்க்கால் கரையை எடுக்கலாமா?

நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கரை அது. 2009 வைகாசியில் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள். பார்க்கிற கண்ணுக்கு அழகான கடற்கரைதான். நான் அங்கே கடலை மட்டும், ஆள் இல்லாமல், ஒரு சில படம் எடுத்திருக்கிறேன், யாருக்கும் காட்டியதில்லை. நினைவு நாளில் அழுகிற தாய்மாரின் முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். சிரித்துக்கொண்டு செல்பி எடுக்கிற இடம் அது இல்லை. 2004 மார்கழி 26 சுனாமியில் இறந்தவர்களுக்காக உடுத்துறையில் இருக்கிற நினைவிடத்துக்கும் இதையே சொல்வேன்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். மணலுக்குள் இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள்.

ட்ரோன் விடலாமா? வெளிச்சவீட்டுக்குள் போகலாமா?

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்க வேண்டும், அதை வரமுதலே தொடங்குங்கள். தேசியப் பூங்காக்களுக்குத் தனியாக. கடற்படை, இராணுவ முகாம்கள், துறைமுகங்களைப் போன் கமராவாலும் எடுக்காதீர்கள். வெளிச்சவீடு சில இடத்தில் முகாமுக்குள் இருக்கிறது, வாசலில் கேளுங்கள், இல்லை என்றால் வெளியே நின்று எடுங்கள்.

படத்தில் நிறத்தைக் கூட்டுவீர்களா? குப்பையை அழிப்பீர்களா?

கொஞ்சம் கூட்டுவேன், கண்ணால் பார்த்த அளவுக்கு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சேறு கொண்டுவந்து கடலில் கொட்ட ஒன்றும் இல்லாததால் நல்ல நாளில் தண்ணீர் இயல்பிலேயே தெளிவு. அதை நீல மை மாதிரி ஆக்க வேண்டியதில்லை.

குப்பையை அழிக்க மாட்டேன். அறுந்த நைலோன் வலை, போத்தல், ரெஜிபோம், எல்லாம் கரையில் கிடக்கிறது. 2021 வைகாசியில் கொழும்புக்கு அப்பால் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மணலோடு மணலாக. அதை அன்று படம் எடுத்தவர்கள் இருந்ததால்தான் உலகம் பார்த்தது. கையால் பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிவிட்டு எடுக்கிறேன், முடியாததைப் படத்திலேயே விடுகிறேன்.

மலைநாட்டுப் படங்கள் ஏன் குறைவு?

அது என் ஊர் இல்லை, அதுதான் காரணம். போயிருக்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னமே போய்விடுங்கள், பிறகு அநேகமாகப் பனிமூட்டம் மூடிவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கொழுந்து பறிக்கிற அக்காமாரைப் பச்சை மலைக்கு அலங்காரமாக நிறுத்தி எடுக்காதீர்கள். நாள் கணக்கில் நிறை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள், நீங்கள் மறிக்கிற பத்து நிமிடம் அவர்களுடைய கொழுந்து.

இடத்தின் பெயரைச் சிலவேளை சொல்லாமல் விடுகிறீர்களே?

ஆமை முட்டையிடுகிற கரைகளைச் சொல்ல மாட்டேன். இரவில் ஆமை ஏறினால் வெளிச்சம் அடிக்கக் கூடாது, பிளாஷ் கூடவே கூடாது, அது முட்டையிடாமலே திரும்பிவிடும். பத்துப் பேருக்குச் சொன்னால் நூறு பேர் டோர்ச்சோடு வருவார்கள்.

எங்கள் ஊர்க் கரையையும் எடுத்து அனுப்புவீர்களா?

அனுப்புவேன், காசு வேண்டாம். ஊரின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எந்த ஒழுங்கையால் இறங்கினால் கடல், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில், நீங்கள் எங்கே இருந்து பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். கனடாவிலிருந்து ஒரு அக்கா, தன் வீட்டுப் பின்படியில் இருந்தால் இரண்டு பனைக்கு நடுவில் கடல் தெரியும், அதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். வீடு இல்லை, படி மட்டும் இருந்தது. ஒரு பனைதான் நின்றது, மற்றது வட்டு இல்லாமல் வெறும் மரமாக நின்றது. படியில் இருந்து, அவர் சின்னப் பிள்ளையாக இருந்திருக்கக்கூடிய உயரத்துக்குக் கமராவை இறக்கி, பின்னேரம் ஐந்தரைக்கு எடுத்து அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது: பக்கத்தில் வடலி ஏதும் முளைத்திருக்கிறதா, அதையும் ஒன்று எடுத்து அனுப்புங்கோ தம்பி.

சின்னப் பனை ஒன்று முளைத்திருந்தது. அடுத்த நாள் போய் எடுத்தேன்.